காகித ஆலைச் சேறு: எந்த மண்ணுக்கு எது?

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி சென்ற மாதம் ஒரு யோசனையோடு வந்தார். காகித ஆலைச் சேறு இலவசமாகக் கிடைக்கிறதாம். லாரி வாடகையை மட்டும் கொடுத்தால் வயலிலேயே கொட்டிவிட்டுப் போவார்களாம். “அண்ணா, பத்து லோடு சொல்லிவிடட்டுமா? மண் பொலபொலவென்று ஆகிவிடும் என்கிறார்கள்” என்றார். எந்தச் சேறு, வெள்ளையா, சாம்பல் நிறமா, கறுப்பா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டபோது தரகருக்கும் தெரியவில்லை.

நிறத்தைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. காகித ஆலையிலிருந்து நான்கைந்து விதமான கழிவுகள் வெளியே வருகின்றன. ஒன்றின் குணம் இன்னொன்றுக்கு நேர்மாறாகக்கூட இருக்கும். நீலகிரியில் ஒரு மண்ணைத் தேற்றும் சேறு, கரூரில் அதே வேலையைச் செய்யாது, கெடுதலே செய்யும். எனவே தம்பிக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். கையில் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய இது உதவ வேண்டும்.

நமக்கு அருகில் இரண்டு பெரிய ஆலைகள் காவிரிக் கரையிலேயே இருக்கின்றன. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை. இவை தவிர, பழைய காகிதத்தையும் அட்டைப் பெட்டியையும் அரைத்து மறுபடி அட்டை செய்யும் சிறு ஆலைகள் கொங்கு வட்டாரத்தில் பல உண்டு. சேறு எந்த வகை ஆலையிலிருந்து வருகிறது என்பதே முதல் பிரிவு.

மரத்தையோ சக்கையையோ கூழாக்க, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் வேகவைக்கிறார்கள். நார் பிரிந்துவிடும், நாரை ஒட்டிப் பிடித்திருந்த லிக்னின் கரைந்து கறுப்பு நீராக மிஞ்சும். அந்தக் கறுப்பு நீரைச் சுண்ட வைத்துக் கொதிகலனில் எரித்து, மிஞ்சும் சோடா உப்பைச் சுட்ட சுண்ணாம்போடு சேர்த்து மீண்டும் காஸ்டிக் சோடாவாக்குவார்கள். அப்போது அடியில் படிவதுதான் வெள்ளைச் சேறு, அதாவது சுண்ணாம்புச் சேறு. மரத்தை மட்டும் பயன்படுத்தும் ஆலை அதைச் சூளையில் சுட்டுத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும். கரும்புச் சக்கையிலும் வைக்கோலிலும் மணற்சத்தாகிய சிலிக்கா அதிகம். அது சுற்றிச் சுற்றிச் சேர்ந்துகொண்டே போவதால் முழுவதையும் திரும்பச் சுட முடியாது. அதனால்தான் சக்கை ஆலைகளில் இந்தச் சேறு மலையாகக் குவிகிறது.

சாம்பல் நிறச் சேறு வேறு. கழிவுநீர் முதல் தொட்டியில் நிற்கும்போது அடியில் தங்கும் நார்த்துகள், காகிதத்தை வழவழப்பாக்கச் சேர்க்கும் வெள்ளைக் களிமண், சுண்ணாம்புத்தூள் இவற்றின் கலவை அது. அடுத்த தொட்டியில் காற்றூட்டி நுண்ணுயிர்களை வளர்த்து நீரைச் சுத்தம் செய்வார்கள். செத்த நுண்ணுயிர்கள் படிந்து வருவது கறுப்புச் சேறு. இவற்றோடு கொதிகலன் சாம்பலும், சுத்திகரித்த நீரும்.

சாம்பல் சேற்றைப் பச்சையாகப் போட்டால்

இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அரை ஏக்கரில் பச்சைச் சேற்றை இறைத்து, ரொட்டவேட்டர் ஓட்டி, அதே வாரத்தில் மக்காச்சோளம் ஊன்றினேன். இருபதாம் நாள் சேறு போட்ட பாதி மட்டும் வெளிறிப்போய் நின்றது. வரப்புக்கு இந்தப்பக்கம் கரும்பச்சை, அந்தப்பக்கம் எலுமிச்சை மஞ்சள். நோய் என்று நினைத்து மருந்தடித்தேன், பயனில்லை. இரண்டு முறை யூரியா போட்டபின்தான் பச்சை திரும்பியது. அதற்குள் தட்டை முழங்காலளவில் நின்றுவிட்டது. கதிர் சிறுத்துப்போனது. பிழை என்னுடையது. சேற்றை மக்கவைக்காமல் போட்டது நான்தான்.

நடந்தது இதுதான். சாம்பல் சேற்றில் கரிமம் ஏராளம், தழைச்சத்து மிகக் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு முதல் முந்நூறு பங்கு கரிமம் வரை இருக்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த நாரைத் தின்ன ஆரம்பிக்கும்போது, தம் உடலைக் கட்டத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பயிருக்கு மிஞ்சுவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிழிந்த சேற்றில்கூட ஏறத்தாழ 65 சதம் நீர்தான். ஒரு டன் ஈரச் சேற்றில் உலர்பொருள் 350 கிலோ. அதில் 35 சதம் கரிமம் என்று கொண்டால் 122 கிலோ. விகிதம் 150 என்றால் தழைச்சத்து 800 கிராம் மட்டுமே. இதை மக்குவதற்கு ஏற்ற 30 என்ற விகிதத்துக்குக் கொண்டுவர இன்னும் 3.3 கிலோ தழைச்சத்து வேண்டும், அதாவது ஏழு கிலோ யூரியா. ஏக்கருக்குப் பத்து டன் இறைத்தால் எழுபது கிலோ. ஒன்றரை மூட்டை யூரியாவுக்கும் மேலாக மண்ணிலிருந்து நுண்ணுயிர்கள் கடன் வாங்கிக்கொள்கின்றன. இலவசச் சேற்றின் முதல் விலை இது. இரண்டாவது விலை லாரி வாடகையில் இருக்கிறது. பத்து டன் லோடில் ஆறரை டன் தண்ணீருக்கே வாடகை கொடுக்கிறோம்.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே அரை ஏக்கரில் அடுத்துப் போட்ட நிலக்கடலை, மற்ற பாதியைவிடச் செழிப்பாக வந்தது. மழைக்குப் பின் செம்மண் மேலே இறுகி ஆடை கட்டுவது குறைந்தது. முளை தடையில்லாமல் மேலே வந்தது. ஈரம் கூடுதல் நாள் நின்றது. நுண்ணுயிர்கள் வாங்கிய கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகின்றன. எனவே நிலத்தைத் தரிசாக நான்கைந்து மாதம் விட முடிந்தவர், கோடைக்கு முன் இறைத்து மழையில் மக்கவிட்டு, முதல் பயிராக அவரைக் குடும்பத்துப் பயிர் எதையாவது போட முடிந்தவர், பச்சைச் சேற்றையும் எடுக்கலாம். சிறு விவசாயிகளில் எத்தனை பேரால் அது முடியும்?

மக்கவைத்தால்

நான் முழு மனதோடு பரிந்துரைப்பது இதைத்தான். நம் வட்டாரத்துக்கு இதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. நாமக்கல் முட்டைக் கோழிப் பண்ணைகளின் எரு பக்கத்திலேயே கிடைக்கிறது. கோழி எருவில் தழைச்சத்து மிகுதி, கரிமம் குறைவு. அதைத் தனியாகப் போட்டால் வேரைச் சுடும், அம்மோனியாவாகப் பாதி காற்றில் போய்விடும், ஈயும் மொய்க்கும். சேற்றில் குறைவாக இருப்பது எருவில் நிறைவாக இருக்கிறது. எருவில் குறைவாக இருப்பது சேற்றில். காற்றில் உலர்ந்த கோழி எருவில் 25 சதம் கரிமமும் 2.5 சதம் தழைச்சத்தும் இருப்பதாகக் கொண்டு மேலே போட்ட கணக்கைத் தொடர்ந்தால், ஒரு டன் ஈரச் சேற்றுக்கு இருநூறு கிலோ எரு சேர்த்தால் விகிதம் முப்பதில் வந்து நிற்கிறது. ஐந்துக்கு ஒன்று என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டை மட்டும் கலந்தால் களிமண் உருண்டைபோல இறுகிவிடும், காற்று புகாது, நாறும். கரும்புத் தோகை, நறுக்கிய மக்காச்சோளத் தட்டை, நிலக்கடலைத் தோடு இவற்றில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஐந்தடி அகலம், நான்கடி உயரத்தில் நீளக் குவியலாகப் போட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, கை ஈரமாக வேண்டும். முதல் வாரத்திலேயே குவியலின் நடுவே கடப்பாரையைச் செருகிச் சற்று நேரம் கழித்து எடுத்தால் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடு ஏறாவிட்டால் தழைச்சத்து போதவில்லை, அல்லது ஈரம் அதிகம். மூன்று மாதத்தில் கறுத்து, மண் வாசனை வந்துவிடும்.

தென்னை நார்க்கழிவை மக்கவைத்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் விதையும் அடுக்கடுக்காகப் போடும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. நார்க்கழிவில் லிக்னின் அதிகம், எனவே காளான் இல்லாமல் மக்குவது கடினம். காகிதச் சேற்றில் லிக்னினைப் பெரும்பாலும் ஆலையே வேகவைத்து நீக்கிவிட்டது. மிஞ்சியிருப்பது செல்லுலோஸ். அதனால் இது நார்க்கழிவைவிட எளிதாகவே மக்கும்.

மண்புழு உரமாக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஆக்கலாம், ஆனால் முதல் சூடு அடங்கியபின். இரண்டு மூன்று வாரம் மக்கிய கலவையோடு சாணத்தைச் சேர்த்து யூட்ரிலஸ் புழுக்களை விட்டால் நன்றாகத் தின்னும். உப்பும் அம்மோனியாவும் புழுவுக்கு ஆகாது. ஒரு கூடையில் பத்துப் புழுவை விட்டுப் பார்த்தால், அவை ஓரமாக ஏறி ஓட முயல்கின்றனவா, உள்ளே இறங்குகின்றனவா என்பதிலிருந்தே சேற்றின் தரம் பாதி தெரிந்துவிடும். வேலையாள் கூலியைக் கணக்கிட்டால் ஏக்கர் கணக்கில் போடுவதற்கு இது கட்டாது. நாற்றங்காலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் சரி.

இங்கே ஒரு நேர்மையான ஒப்பீட்டைச் செய்தாக வேண்டும். சர்க்கரை ஆலையின் பிரஸ்மட், நாம் ஆலை அழுக்கு என்று சொல்வது, அதே தூரத்தில் அதே வாடகையில் கிடைக்குமானால் காகிதச் சேற்றைத் தேடிப் போக வேண்டாம். பிரஸ்மட்டில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு, அது தானாகவே மக்கும். காகிதச் சேறு ஓர் உரமே அல்ல. அது மண்ணின் கட்டமைப்பைத் திருத்தும் பொருள். பிரஸ்மட்டுக்கு இப்போது போட்டி அதிகம். நார்க்கழிவும் ஏற்றுமதியாகத் தொடங்கியபின் விலையேறிவிட்டது. தொழு உரம் போட மாடுகள் இல்லை. இந்த நிலையில், கோழி எருவுக்குத் துணையாக ஒரு மலிவான கரிமப் பொருள் வேண்டும் என்பவருக்குத்தான் சாம்பல் சேறு பொருந்துகிறது.

கறுப்புச் சேற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழிவுநீர்த் தொட்டி நுண்ணுயிர்களுக்கு ஆலையே யூரியாவும் மணிச்சத்தும் ஊட்டி வளர்ப்பதால் அதில் தழைச்சத்து மூன்று நான்கு சதம்வரை இருக்கும். கிடைத்தால் கோழி எருவுக்குப் பதிலாகச் சாம்பல் சேற்றோடு கலக்கலாம். நாற்றம் கடுமை, நீர் இன்னும் அதிகம். ஆலை இரண்டையும் ஒன்றாகவே பிழிந்து தருமானால் எருவின் அளவைப் பாதியாகக் குறைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

வெள்ளைச் சேறு யாருக்கு?

இதில்தான் அதிகமாக ஏமாறுகிறோம். பார்க்கச் சுத்தமாக, மாவுபோல இருக்கிறது. சுண்ணாம்பு மண்ணுக்கு நல்லதுதானே என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கரூர், நாமக்கல், ஈரோடு, திருப்பூர் மேட்டு நிலங்களில் பெரும்பகுதி ஏற்கனவே சுண்ணாம்பு நிறைந்த மண். இரண்டடி தோண்டினால் சுக்கான் கல் தட்டுகிறது. கார அமில நிலை (pH) நடுநிலையான ஏழை விட்டு எட்டைத் தாண்டியிருக்கிறது. கரும்பின் இளங்குருத்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவதை நம் ஊரில் பார்க்காதவர் இருக்க முடியாது. அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல காரணம், சுண்ணாம்பு அதைக் கரைய விடுவதில்லை. துத்தநாகத்துக்கும் அதே கதி. போட்ட சூப்பர் பாஸ்பேட்டும் கால்சியத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. இந்த மண்ணில் மேலும் பத்து டன் சுண்ணாம்புச் சேற்றைக் கொட்டுவது, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். மண் ஆய்வுக்கு முன்னரே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பிடி உலர்ந்த மண்ணில் வினிகர் அல்லது கெட்டியான எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் வெள்ளைச் சேற்றை மறந்துவிடுங்கள்.

களர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்கிறார்களே, அதுவும் கால்சியம்தானே என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஜிப்சம் நீரில் ஓரளவு கரைந்து, சோடியத்தை இடம்பெயர்த்து வெளியேற்றும், காரத்தன்மையைக் கூட்டாது. சுண்ணாம்புச் சேறு கார மண்ணில் கரைவதே இல்லை. கழுவல் சரியில்லாத சேற்றில் காஸ்டிக் சோடாவும் ஒட்டியிருக்கும். அப்போது களர் நிலத்துக்குச் சோடியத்தையே கொண்டுவந்து கொடுப்போம். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

இதே வெள்ளைச் சேறு அமில மண்ணில் அருமருந்து. மழை கொட்டி, கால்சியமும் மக்னீசியமும் கரைந்து போன மலை மண்ணில் கார அமில நிலை ஐந்துக்குப் பக்கத்தில் நிற்கும். அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மேல்நிலங்களின் கதை இது. அங்கே வழக்கமாக டோலமைட்டோ சுண்ணாம்புத்தூளோ போடுகிறார்கள். சுத்தமான சுண்ணாம்புக்கல்லின் அமிலமுறிப்பு ஆற்றலை நூறு என்று வைத்தால், நல்ல டோலமைட் அதற்குச் சற்று மேலேயும், ஆலைச் சேறு உலர்நிலையில் அதற்குச் சற்றுக் கீழேயும் நிற்கும். சேற்றின் துகள் மிக நுண்ணியது, அதனால் சீக்கிரம் வேலை செய்கிறது. டோலமைட் கூடுதலாக மக்னீசியமும் தருகிறது. உருளைக்கிழங்கும் காரட்டும் மாறி மாறிப் போட்டு மக்னீசியம் வற்றிய நிலத்துக்கு அது தேவை. முட்டைக்கோசில் வேர் முடிச்சாக வீங்கும் நோய்க்குச் சுண்ணாம்பு போட்டுக் கார அமில நிலையை ஏழுக்கு மேல் கொண்டுபோவது பழைய வைத்தியம். ஆனால் அதே நிலத்தில் அடுத்த போகம் உருளைக்கிழங்கு என்றால் கை நடுங்க வேண்டும். சுண்ணாம்பு கூடினால் கிழங்கின் தோலில் சொறி வந்துவிடும். தேயிலை அமில மண்ணையே விரும்பும் செடி, அங்கே இன்னும் நிதானம் வேண்டும்.

ஒடிசாவில் இது வெறும் யோசனையாக நிற்கவில்லை. புவனேசுவரத்திலுள்ள ஒடிசா வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் காகித ஆலைச் சுண்ணாம்புச் சேற்றை அமில மண்ணுக்கான சுண்ணாம்பாகவே வயலில் சோதித்துப் பரிந்துரைத்திருக்கிறார்கள். கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களின் அமில மண்ணுக்கு இப்போது சொல்லப்படும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. நிலம் முழுவதும் டன் கணக்கில் இறைக்காமல், ஹெக்டேருக்கு இரண்டு முதல் நான்கு குவிண்டால் மட்டும் விதைக்கும் சாலிலேயே இடுகிறார்கள். செலவு பத்தில் ஒன்றாகிறது. ஒவ்வொரு போகமும் திருப்பி இட வேண்டும் என்பது உண்மை, ஆனால் அந்தத் தொகை சிறு விவசாயியின் கைக்கு எட்டும்.

காவிரிக் கரையிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர், அதில் மலைப்பாதை வேறு. ஈரச் சேற்றை ஏற்றிப் போவது கட்டாது. உலர்த்தி, மூட்டை கட்டி, டோலமைட் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். காகிதபுரம் ஆலை தன் சுண்ணாம்புச் சேற்றையும் சாம்பலையும் கொண்டு வளாகத்திலேயே சிமென்ட் செய்கிறது. சமவெளியின் கார மண்ணில் கொட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு நல்ல வழி என்பேன். மண் கேட்காத பொருளைப் பயன்பாடு என்ற பெயரில் மண்ணில் தள்ள வேண்டியதில்லை.

கோழி எருவோடு வெள்ளைச் சேற்றைக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். காரம் ஏறியதும் எருவிலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாகக் கண்ணெதிரே பறந்துவிடும். கண் எரிவதே அதற்குச் சாட்சி.

கொதிகலன் சாம்பலில் மரச் சாம்பலும் சக்கைச் சாம்பலும் சாம்பல்சத்துக்கு உதவும், அளவோடு. நிலக்கரிச் சாம்பலில் போரான் முதலானவை இருப்பதால் உணவுப் பயிருக்கு நான் அதைத் தொடமாட்டேன். செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் போகட்டும்.

சுத்திகரித்த நீர்

மழை மறைவுப் பகுதியில் வாழ்பவர்களுக்கு நீர் என்ற சொல்லே ஆசை காட்டும். காகிதபுரத்திலும் பள்ளிபாளையத்தை ஒட்டிய ஓடப்பள்ளியிலும் ஆலை நீரை ஏற்றுப்பாசனமாகக் கரும்புக்கும் தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் பாய்ச்சும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடக்கிறது. பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள்ளும், மிதக்கும் திடப்பொருள் 200 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி.

நாம் பார்க்க வேண்டியது அதைவிட உப்பைத்தான். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் மீட்டருக்கு இரண்டு டெசிசீமன்ஸ் உள்ள நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் உப்பு. ஏக்கருக்கு இரண்டு அங்குலம், அதாவது ஐந்து சென்டிமீட்டர் பாய்ச்சினால் இரண்டு லட்சம் லிட்டர். ஒரு பாய்ச்சலில் 260 கிலோ உப்பு நிலத்துக்குள் போகிறது. கரும்புக்கு ஆண்டில் முப்பது பாய்ச்சல் என்றால் ஏழெட்டு டன். மணற்பாங்கான, வடிகால் நல்ல நிலத்தில் மழை அதை அடித்துக்கொண்டு போகும். எங்கே போகும்? கீழே கிணற்றுக்கு. களிமண் நிலத்தில் அங்கேயே தங்கும், சோடியம் மண்ணை இறுக்கும். எனவே இந்த நீரை எடுப்பவர் நல்ல நீரோடு மாற்றி மாற்றிப் பாய்ச்ச வேண்டும். ஆண்டுக்கொரு முறை மண்ணையும், தன் கிணற்றையும், தனக்குக் கீழ்ப்பக்கம் இருப்பவரின் கிணற்றையும் சோதிக்க வேண்டும். கீழ்ப்பக்கத்துக்காரரை விட்டுவிட்டு எடுக்கும் முடிவு முடிவாகாது. மஞ்சள், வாழை, காய்கறி வைத்திருப்பவர் இதைத் தவிர்ப்பதே நல்லது.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை

அமெரிக்காவின் மெயின் மாநிலம் காகித ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே நகரக் கழிவுநீர்ச் சேற்றையும் ஆலைச் சேற்றையும் பல பத்தாண்டுகள் பண்ணை நிலங்களில் உரமாக இறைத்தார்கள். 2016ஆம் ஆண்டு ஒரு பால் பண்ணையில் பி.எஃப்.ஏ.எஸ். என்னும் வேதிப்பொருள்கள் இருப்பது தெரியவந்தது. எண்ணெய் ஒட்டாத காகிதம் செய்யவும் பயன்படும் இவை மண்ணில் அழிவதில்லை. புல்லுக்கும், பசுவுக்கும், பாலுக்கும் ஏறின. வேறு பண்ணைகளிலும் அடுத்தடுத்துத் தெரியவர, 2022இல் அந்த மாநிலம் சேற்றை நிலத்தில் இறைப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தப் பண்ணைக்காரர்களும் அரசு அனுமதியோடுதான் சேற்றை வாங்கியிருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. கனடாவின் கியூபெக் போன்ற இடங்களில் ஆலைச் சேறு ஒழுங்காகச் சோதிக்கப்பட்டு இன்றும் வயலுக்குப் போகிறது என்பதும் உண்மை. சோதனை செய்யாமல் வாங்கக் கூடாது என்பதற்காகவே இரண்டையும் சொல்கிறேன்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், குளோரின் சேர்ந்த கரிமச் சேர்மங்கள் உள்ள காகித ஆலைச் சேற்றை அபாயக் கழிவுப் பட்டியலில் வைத்திருக்கின்றன. எனவே இந்தச் சேறு அந்தப் பட்டியலில் வருகிறதா, இல்லையா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆவணத்தை ஆலையிடம் எழுத்தில் கேளுங்கள். தரகரின் வாய்ச்சொல் போதாது. ஆய்வறிக்கையில் எதைப் பார்ப்பது என்றால், உரக் கட்டுப்பாட்டு ஆணை கம்போஸ்ட்டுக்கு வைத்திருக்கும் அளவுகளையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50. மக்கியபின் கரிமம்–தழைச்சத்து விகிதம் இருபதுக்குள், மின்கடத்து திறன் நான்குக்குள்.

பழைய காகிதம் அரைக்கும் ஆலைகளின் சேற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. மை, பிளாஸ்டிக் துணுக்கு, ஸ்டேப்ளர் கம்பி எல்லாம் அதில் வருகின்றன. பிளாஸ்டிக்கை ஒருமுறை வயலில் உழுதுவிட்டால் பேரன் காலத்திலும் பொறுக்க முடியாது. அந்தச் சேறு எவ்வளவு மலிவாக வந்தாலும் உணவுப் பயிருக்கு வேண்டாம்.

ஆய்வறிக்கை ஓரளவு நன்றாக இருந்து, மனத்தில் சந்தேகமும் மிச்சமிருந்தால் ஒரு நடுவழி உண்டு. சவுக்கு, தைலமரம், மலைவேம்பு நட்டிருப்பவர்கள் மக்கிய சேற்றைக் குழிக்கு இரண்டு மூன்று கூடை போடலாம். ஆலைகளே விவசாயிகளை அழைத்துக் கூழ்மரம் வளர்க்கச் சொல்கின்றன. ஆலையிலிருந்து வந்தது மரமாக ஆலைக்கே திரும்பும். நம் தட்டுக்கு வராது.

தம்பியின் நிலம் நான்கு ஏக்கர், செம்மண், எலுமிச்சைச் சாற்றுக்கு நுரைத்தது. அவருக்கு நான் சொன்ன முடிவு இது. பத்து லோடு வேண்டாம், இரண்டு லோடு போதும். மரக்கூழ் அல்லது சக்கைக்கூழ் ஆலையின் சாம்பல் சேறு மட்டும், ஆய்வறிக்கையோடு. வெள்ளையோ மறுசுழற்சி ஆலைச் சேறோ வந்தால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். கோழி எருவோடு கலந்து வரப்போரம் குவியல். மக்கியது ஒரு கைப்பிடியை நனைத்து பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வைத்து, திறக்கும்போது நாற்றமில்லையா என்று பார்க்க வேண்டும். அதே உரத்தில் இருபது பச்சைப்பயறும், வெறும் மண்ணில் இருபதும் போட்டு முளையை எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் ஒரு ஏக்கரில் மட்டும், ஏக்கருக்கு ஐந்து டன். மற்ற மூன்று ஏக்கர் வழக்கம்போல.

சித்திரை முதல் வாரத்தில் குவியல் போட்டால் ஆடிப்பட்டத்துக்கு உரம் தயாராகிவிடும். இன்று காலை அவர் வந்து, ஆலையிலிருந்து ஆய்வறிக்கை கேட்டிருப்பதாகவும், அது வரும்வரை லாரியை நிறுத்திவைத்திருப்பதாகவும் சொன்னார். தோகையை நறுக்க என் இயந்திரத்தைக் கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.